மறு: எலாஸ்டோகிராபிக்குத் தமிழில் என்ன பெயர்?

வணக்கம்.

ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் எலாஸ்டோகிராபிக்கு இங்கே முன்வைக்கப்பட்ட 'மீட்சி வரைவியல்' இயற்பியல் பாடநூலோடு ஒத்துப்போகிற நல்ல ஆக்கம்தான். ஆனால் புதுச்சேரியில் இந்தக் கருவியை இயக்கப் புதிதாக வருகிறவர்களைப் பழக்கும் எனக்கு அது உதவாது. 'வரைவு' என்று காதில் விழுந்ததும் ஸ்கேன் பழக்கத்தில் திரையில் ஈரலின் படத்தைத் தேடுகிறார்கள். எங்களிடம் இருக்கும் அதிர்வு வகைக் கருவியில் அந்தப் படம் வராது. தோலில் வைத்துப் பிடிக்கும் கைக்கருவியான புரோபின் முனை 50 ஹெர்ட்ஸில் ஒரு தட்டுத் தட்டும். அதனால் எழும் சறுக்குப்பெயர்ச்சி அலையின் (shear wave) வேகத்தை அல்ட்ராசவுண்ட் பின்தொடரும். இறுகிய ஈரலில் அலை விரைந்து ஓடும். கிடைப்பது கிலோபாஸ்கலில் ஓர் எண், அவ்வளவே.

அந்த எண்ணைக் கெடுக்கத்தான் எத்தனை வழி! சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். நோயாளி மல்லாந்து படுத்து வலக்கையைத் தலைக்குப் பின்னால் வைத்தால்தான் விலா இடுக்கு விரியும். புரோப் அங்கே தோலுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்: சாய்த்துப் பிடித்துவிட்டு, அலை சரியாக விழவில்லையே என்று மேலும் அழுத்துவார்கள். செல்லத்தக்க அளவீடுகள் பத்து வேண்டும். முடிவாகக் கொள்வது அவற்றை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலையை. அளவீடுகளின் நடுப்பாதி எவ்வளவு பரந்திருக்கிறது என்று காட்டும் இடைக்கால்மான வீச்சு அந்த இடைநிலையில் 30 சதவீதத்தைத் தாண்டினால் பொதுவாக நம்புவதில்லை.

இத்தனையும் அளக்கும் வேலை. ஆகவே 'ஈரல் விறைப்பளவை' என்கிறேன்.

—

ஐயா, 'அளவை' சரி, 'விறைப்பு' வேண்டாம். பாடநூலில் விறைப்புக் குணகம் இருப்பது உண்மைதான். கடலூர்ப் பக்கம் விறைத்தது என்றால் பிணம், இல்லையேல் மார்கழிக் குளிரில் மரத்த விரல். அறிக்கையைப் படிக்கிறவர் அங்கேயே பாதி உயிரை விட்டுவிடுவார். 'கடினம்' என்று போட்டாலோ, 'பிழைப்பது கடினம்' என்று படிப்பார். 'இறுக்கம்' கூடவும் செய்யும், தளரவும் செய்யும். அழற்சி தணிந்தால் உங்கள் எண்ணும் இறங்குகிறதே. ஈரல் தழும்பேறிப்போகும் சிரோசிஸுக்குச் செய்தித்தாள்கள் 'கல்லீரல் சுருக்கம்' என்று எழுதுவதால் அதனோடும் மோதாது. 'ஈரல் இறுக்க அளவை' என்று வைக்கலாமே?

—

ஏற்கிறேன், அடுத்த வகுப்பில் அப்படியே சொல்லிப் பார்க்கிறேன். புரோப், புரோபாகவே இருக்கட்டும். இன்னொன்று: 'செல்லத்தக்க அளவீடு' வாய்க்குள் நுழைய மறுக்கிறது. எங்கள் பயிற்சி அறையில் 'தேறிய தட்டு' என்கிறார்கள். கையேட்டிலும் அதையே அச்சிடலாமா, அல்லது இலக்கணம் அறிந்தவர்கள் சண்டைக்கு வருவீர்களா?