வசதிக் கட்டணத்தில் எங்களுக்கும் பங்கு வேண்டும்

படுவான்கரையான்:
மட்டக்களப்பு நகரத்துப் பாடசாலை ஒன்றில், அபிவிருத்திச் சங்கம் வசதிக் கட்டணம் என்று பெற்றோரிடம் சேர்த்த காசில் ஸ்மார்ட் போர்ட் பூட்டியிருக்கிறார்கள். சந்தோசம். வாவிக்கு இந்தப் பக்கம், படுவான்கரையில், தவணைப் பரீட்சை வினாத்தாளைப் போட்டோக்கொப்பி எடுக்கவே எங்கள் அதிபர் கைக்காசு போடுகிறார். இரண்டும் அரச பாடசாலைதான். பெரிய பாடசாலைகள் சேர்ப்பதில் ஒரு பங்கைக் கல்வி வலயங்களுக்குப் பொது நிதியாகக் கொடுத்தால் என்ன?

கல்லடி அம்மா:
கேட்க நல்லாத்தான் இருக்கு தம்பி. என் வீட்டுக்காரர் மேசன் வேலை. நகரத்தில் எல்லாரும் டொக்டரும் எஞ்சினியருமில்லை. இப்போது கூட்டத்தில் எழும்பி, பில் எங்கே என்று கேட்கிறேன். காசு வலய அலுவலகத்துக்குப் போனபிறகு யாரைக் கேட்பது?

வெல்லாவெளி வாத்தியார்:
கற்றல் பொருட்களுக்கென்று அரசு தரும் தர உள்ளீட்டு நிதி பெரும்பாலும் பிள்ளைகளின் தொகையைப் பார்த்தே வருகிறது. அறுபது பிள்ளைகள் படித்தாலும் அறுநூறு பேர் படித்தாலும் போட்டோக்கொப்பி டோனர் ஒரே விலைதானே! எங்கள் பெற்றோர் கையில் பெரும்போக நெல் வெட்டு முடிந்தால்தான் காசு. மற்ற மாதங்களில் கூலி வேலை. ஆனால் யானை உடைத்த பள்ளிக்கூட வேலியைக் கட்ட வரச்சொன்னால், விடியவே கத்தியும் கம்புமாக வந்து நிற்பார்கள். வெயில் ஏறமுன் கட்டி முடித்துவிட்டு வயலுக்குப் போவார்கள். அந்த உழைப்பு எந்த ரசீதில் வருகிறது?

கல்லடி அம்மா:
அப்படியென்றால் அரசாங்கத்தைக் கேளுங்கள் சேர். இலவசக் கல்வி 1945இல் வந்தது, இலவசப் புத்தகம் 1980இல், சீருடை 1993இல். போட்டோக்கொப்பிக் காசையும் அவர்களே தரட்டும். அதற்கு ஏன் என் பேர்சைத் திறக்க வேண்டும்?

சுவிஸ் பொடியன்:
பழைய மாணவர் சங்கத்திலும் இதே கதைதான். அவரவர் படித்த பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்புவார்கள். படுவான்கரையிலிருந்து இங்கே சுவிசுக்கு வந்தவர்கள் எத்தனை பேர்?

படுவான்கரையான்:
அக்கா, அரசாங்கத்தைக் கேட்கச் சொல்கிறீர்கள். கேட்டால் காதில் விழக்கூடிய ஆட்கள் உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். அவர்கள் பள்ளிக்கூடக் கூரை ஒழுகினால் தங்கள் காசிலேயே திருத்திவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். பிறகு கொழும்பு அமைச்சிலும் திருகோணமலை மாகாண அலுவலகத்திலும் யாருக்கு அவசரம்?

கல்லடி அம்மா:
அது சரி, மறுக்கவில்லை. அதற்காக வலயத்துக்குப் பங்கு என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் சங்கமே உங்கள் பள்ளிக்கூடம் ஒன்றைப் பொறுப்பெடுத்து வினாத்தாள் அடித்துத் தரட்டும். பில் எங்கள் கையில் இருக்கும்.

படுவான்கரையான்:
சங்கத்தில் ஆட்கள் மாறினால் அடுத்த வருசமே அது நின்றுவிடும். சுற்றறிக்கையாக வந்தால்தான் நிலைக்கும்.

கல்லடி அம்மா:
சுற்றறிக்கை வரும்வரைக்கும் பிள்ளைகள் பரீட்சை எழுத வேண்டாமா? வரும் கூட்டத்தில் நான் கேட்கிறேன். வலயத்துக்குக் கொடுப்பது என்று பேச்சு வந்தால் மட்டும் என் கை எழும்பாது.