புதுப்பிப்பு: விளம்பர வருமானம் பாதியானதற்குக் காரணம் கிடைத்துவிட்டது

தளத்துக்கு வருகிறவர்கள் குறையவில்லை, விளம்பர வருமானம் மட்டும் பாதியாகிவிட்டது, ஏன் என்று போன மாதம் கேட்டிருந்தேன். காரணம் ஆட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்புதான். சர்வர் மாற்றியபோது அதைக் கையாலேயே மறுபடி தட்டச்சு செய்தேன். பதிப்பாளர் எண்ணில், அதாவது விளம்பர நிறுவனம் நம் கணக்குக்குத் தந்த அடையாள எண்ணில், ஒரு 7 விட்டுப்போயிருக்கிறது. நம் தளத்தின் விளம்பர இடத்தை யார் யார் விற்கலாம் என்று சொல்கிற கோப்பு அது. போலி விற்பனையைத் தடுக்க 2017இல் ஐஏபி டெக் லேப் என்கிற, இணைய விளம்பரத்துக்கான தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் அமைப்பு அதைக் கொண்டுவந்தது. விளம்பர இடம் ஏலத்தில்தான் விற்பனையாகிறது; எண் பொருந்தாவிட்டால் விளம்பரதாரர்கள் பலர் அந்த ஏலத்துக்கே வரமாட்டார்கள். போட்டி குறைந்தால் விலையும் இறங்கத்தானே செய்யும்?

சரி, திருத்திய நான்காம் நாள் வருமானம் ஏறத் தொடங்கியது. பழைய நிலைக்கு இன்னும் முழுசாக வரவில்லை. அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கச் சொன்ன நண்பருக்கு மனமார்ந்த நன்றி. அப்புறம், விளம்பரங்களைக் கூட்டச் சொன்னவர்களுக்கு: அதைச் செய்யப் போவதில்லை. நடுவில் விளம்பரம் வந்து, படிக்கிற வரி கீழே நழுவினால் வாசகர் போய்விடுவார்.