தறப்பாள் காற்றில் நிற்கவில்லை, மேசன் வர 10 நாளாம்

வாழைச்சேனை வளவு:
முந்தாநாள் இரவுக் காற்றில் பின்வளவுத் தென்னை மட்டை குலையோடு முறிந்து குசினிக் கூரையில் விழுந்துவிட்டது. இரண்டு அஸ்பெஸ்டஸ் சீற் உடைந்து, மூன்றாவதில் கைநீள வெடிப்பு. ஊர் முழுக்க வேலையாம், மேசன் 10 நாள் கழித்துத்தான் வருவார். பக்கத்து வீட்டில் தந்த நீலத் தறப்பாளை விரித்து மேலே எட்டுச் செங்கல் வைத்தோம். இரவு 2 மணிக்குத் தறப்பாள் பறந்து, ஒரு கல் கிணற்றடியில் விழுந்தது. அம்மா மலசலகூடம் போகும் வழி அது. இப்போது மழை நேரே அடுப்பில். கூரையில் ஏறலாமா? எப்படிக் கட்டுவது?

ஆரையம்பதி ஓடாவி:
தங்கச்சி, முதலில் மிச்சக் கற்களை இறக்குங்கள். காற்று அடியில் புகுந்துதான் தறப்பாளைத் தூக்கும், பாரம் வைத்து மறிக்க முடியாது. ஏறவும் வேண்டாம், பழைய சீற் பப்படம் மாதிரி, நனைந்தால் பாசி வேறு வழுக்கும்.

கயிற்று நுனியில் தேங்காய்ப் பொச்சைக் கட்டி முகட்டுக்கு மேலால் எறியுங்கள் (கல் கட்டினால் மிச்சச் சீற்றும் போகும்). மறுபக்கம் நின்று தறப்பாளை இழுங்கள். ஓட்டையை மட்டும் மூடினால் மேலிருந்து வரும் தண்ணீர் அடியால் ஓடும், ஆகவே முகட்டைத் தாண்டி இரு தாழ்வாரமும் இறங்க வேண்டும். இரண்டு ஓரத்தையும் சிலாகையில் (ஒடுக்கமான நீள மரச்சட்டம்) மூன்று சுற்றுச் சுற்றி, நைலோன் கயிற்றால் கைமர (கூரையைத் தாங்கும் சாய்வு மரம்) நுனியில் இழுத்துக் கட்டுங்கள். சீற்றில் ஆணி அடிக்கவே கூடாது, வெடிக்கும்.

கல்லடிக்காரன்:
78 நவம்பர் 23 சூறாவளிக்கு எனக்கு ஒன்பது வயது. விடிந்து பார்த்தால் எங்கள் கூரைத் தகரம் பக்கத்து வளவில், தலை முறிந்த தென்னையைச் சுற்றிக் கிடந்தது. உங்கள் பின்வளவுத் தென்னையில் இன்னும் முறிந்த மட்டை தொங்கினால் முதலில் ஆள் பிடித்து இறக்குங்கள்.

ஓய்வுபெற்ற கிளார்க்:
கூரையில் கை வைக்கமுன் நாலு பக்கமும் படம் எடுத்து, கிராம உத்தியோகத்தரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். மூடிய பிறகு சேதத்தைக் காட்டுவது கஷ்டம். அவசரமென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. உடைந்த துண்டுகளைக் காயவிட்டுக் கூட்டாதீர்கள், அஸ்பெஸ்டஸ் தூசு நெஞ்சுக்குக் கூடாது. நனைத்து உரப்பையில் கட்டி வையுங்கள்.

வாழைச்சேனை வளவு:
கட்டியாயிற்று! தறப்பாள் 18க்கு 9 அடி, தாழ்வாரத்துக்குத் தாழ்வாரம் 16, மட்டுமட்டாகக் காணும். அண்ணனின் முதல் இரண்டு எறியும் கறிவேப்பிலையில். இராக்காற்றுக்கு அசையவில்லை. வெடித்த மூன்றாவது சீற் மட்டும் தறப்பாளுக்கு வெளியே, கீழே வாளி வைத்திருக்கிறோம். ஓடாவி அண்ணே, அதற்கு ஏதும் வழி உண்டா?

ஆரையம்பதி ஓடாவி:
வெயில் பட்டுக் காய்ந்த பிறகுதான் தார் நாடா ஒட்டும். அதுவரை வாளிதான்.