ஜே மோட்டார், 1,500 மீட்டர்: நோட்டாம் கொடுத்தால் மட்டும் போதுமா?

துடுப்பு4:
பொழுதுபோக்குக்காக நான் விடும் ராக்கெட் 4 கிலோ. ஜே மோட்டார் (ராக்கெட் மோட்டார்களின் சக்தி வரிசையில் ‘ஜே’ வகுப்பு), சராசரி உந்துவிசை 350 நியூட்டன். சிமுலேஷனில் உச்சி 1,500 மீட்டர். ஏவுமிடம் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர். சிறு விமானத்தளம் ஒன்று 12 கி.மீ. தள்ளி இருக்கிறது. பாராசூட் ஒன்றுதான்: உச்சியில் விரிந்து நொடிக்கு 5 மீட்டரில் இறங்கும். நோட்டாமில், அதாவது விமானிகளுக்கான அறிவிப்பில், 5,000 அடி என்று போட்டால் சரிதானே?

ரெயில்பட்டன்:
தப்பு. விமானியின் கணக்கு கடல்மட்டத்திலிருந்து. 900 + 1,500 = 2,400 மீட்டர், கிட்டத்தட்ட 7,900 அடி. நீங்கள் 5,000 என்று போட்டால், 6,000 அடியில் வருபவர் ‘அதெல்லாம் நமக்குக் கீழே’ என்று நேராக உங்கள் தலைக்கு மேலேயே வருவார். சிமுலேஷனும் கொஞ்சம் பிசகும்; 9,000 கேளுங்கள். நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரம்) எழுதுங்கள். உள்ளூர் நேரத்தைப் போட்டுவிட்டு, அறிவிப்பு முடிந்த பிறகு ஏவுகிறவர்கள் உண்டு.

கறுப்புமூக்கு:
உயரத்தைவிட எனக்கு உறுத்துவது அந்த ஒற்றைப் பாராசூட். மேலே போக 17 நொடி, கீழே வர 300 நொடி. 120 நாட் (மணிக்குச் சுமார் 220 கி.மீ.) வேகத்தில் வரும் சிறு விமானம் அந்த 300 நொடியில் 18 கி.மீ. கடந்துவிடும். அதாவது, பொத்தானை அழுத்தும்போது கண்ணுக்கே தெரியாத விமானம் உங்கள் பாராசூட் தொங்கும் இடத்துக்கு வந்து சேரலாம். நொடிக்கு 5 மீட்டர் காற்றென்றால் ராக்கெட் ஒன்றரை கி.மீ. நகர்ந்தும் இருக்கும்.

உச்சியில் ட்ரோக் (சின்னப் பாராசூட்), 200 மீட்டரில் மெயின் (பெரிய பாராசூட்) என்று பிரியுங்கள். ட்ரோக்கில் நொடிக்கு 25 மீட்டர் என்றால் 52 நொடி, மெயினில் 40. மொத்தம் 92. ஆனால் மூக்குக்கூம்பை, மெயின் பிரியும்போது மட்டும் முறியும் நைலான் திருகால் பூட்டாமல் விட்டால் ட்ரோக் பிரியும் உதறலிலேயே மெயினும் வெளியே வந்துவிடும். பழைய 300 நொடிக் கதைதான். 2-56 என்ற சிறு அளவில் 3 திருகு போட்டு, தரையில் பிரித்துச் சோதித்துவிட்டு வாருங்கள்.

வால்காற்று:
விமானங்களைக் காட்டும் செயலியை வைத்துக்கொண்டால் ஆள் நிறுத்தத் தேவையில்லையே?

ரெயில்பட்டன்:
தன் இருப்பிடத்தை ஏடிஎஸ்-பி சிக்னலாக அனுப்பாத விமானம் அதில் வராது. கிளைடரும் பாராகிளைடரும் பெரும்பாலும் அந்த ரகம். நோட்டாம் போட்டாச்சு என்று நோட்டம் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். நாலு திசைக்கும் நாலு பேர், முதுகு ஏவுதளத்தைப் பார்த்தபடி. ராக்கெட்டை வேடிக்கை பார்ப்பது அவர்கள் வேலையில்லை. யார் ‘நிறுத்து’ என்றாலும் கவுண்ட்டவுன் நிற்கணும், காரணம் அப்புறம். மேகம் பாதிக்கு மேல் மூடியிருந்தாலோ, 8 கி.மீ. தெளிவாகத் தெரியாவிட்டாலோ அமெரிக்க விதிப்படி ஏவவே கூடாது. வேறு நாடாக இருந்தாலும் அந்த அளவை வைத்துக்கொள்ளலாம்.

துடுப்பு4:
உந்துவிசை எடையைப்போல் 9 மடங்கு. அதில் சிக்கல் இல்லையே?

கறுப்புமூக்கு:
இல்லை, 5 மடங்கே போதும். ஈர்ப்புமையத்துக்கும் அழுத்தமையத்துக்கும் (காற்றின் விசை மொத்தமாகச் செயல்படும் புள்ளி) இடைவெளி எவ்வளவு? குழாய் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தால் நல்லது. 3 மடங்குக்கு மேல் போனால் ஏவும் ரெயிலை விட்டதும் காற்றுக்கு எதிராகச் சாயும். நோட்டாமில் குறித்த வட்டத்தின் ஓரத்துக்கே போய்விடும்.