அரசுப் பள்ளியில் தற்காலிகக் கணக்கு டீச்சர் வேலை: போகலாமா?

வந்தவாசிக்காரி:
வணக்கம். பி.எஸ்சி. கணிதம், பி.எட்., டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தாள் 2 தேறியிருக்கிறேன். ஒரு மெட்ரிக் பள்ளியில் மாதம் 9,000க்கு வேலை பார்க்கிறேன். பக்கத்து ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர் மாறுதலில் போய்விட்டார். பள்ளி மேலாண்மைக் குழு மூலமாக 15,000க்கு வரச் சொல்கிறார் ஹெச்.எம். ஏப்ரல் வரைதான். நடுவில் ரெகுலர் ஆள் வந்துவிட்டால் என்ன ஆகும்? பாதியில் போய்ப் பத்தாம் வகுப்பை எப்படிப் பிடிப்பது?

கட்டம்போட்ட நோட்டு:
நான் இரண்டு பள்ளிகளில் இப்படி இருந்தவள். 2022இல் இந்தத் திட்டத்தை அறிவித்தபோது பட்டதாரி ஆசிரியருக்கு 10,000தான். அப்புறம்தான் 15,000 ஆனது. அதுவும் மாதாமாதம் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். எனக்கு ஒருமுறை ஜூலை, ஆகஸ்ட் சம்பளம் இரண்டும் சேர்ந்து அக்டோபரில் வந்தது. மே மாதம் ஒன்றும் கிடையாது. கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு போங்கள்.

ரெகுலர் ஆள் வந்தால் அன்றே கிளம்ப வேண்டியதுதான். நவம்பரில் ஒரு புதன்கிழமை, பிரேயர் முடிவதற்குள் ஒருவர் ஆர்டரோடு வந்து நின்றார். முந்தின நாள் வட்டத்துக்குத் தொடுகோடு வரைவதைப் பாதியில் நிறுத்தியிருந்தேன். மார்க் ரிஜிஸ்டரைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். பத்து 'பி' பிள்ளைகளிடம் சொல்லக்கூட நேரமில்லை. இன்னும் உறுத்துகிறது.

வகுப்புக்கு வருவோம். போன முதல் வாரம் ஒத்த முக்கோணம் வரைவதை என் வழியில் போட்டேன். "எங்க மிஸ் இப்படிப் போட மாட்டாங்க" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல். எனக்கு ரோஷம். என் வழிதான் சுருக்கம் என்று பிடிவாதமாக இரண்டு வாரம் ஓட்டினேன். காலாண்டில் பாதிப் பேர் ரெண்டுங்கெட்டானாக வரைந்து வைத்திருந்தார்கள். தப்பு என்னுடையது. அப்புறம் ஒழுங்காக எழுதும் ஒரு பெண்ணின் நோட்டை வாங்கிப்போய் ராத்திரி முழுக்கப் படித்தேன். பழைய டீச்சர் எதை எப்படிச் சொல்லியிருக்கிறார், எதைத் தாண்டிப் போயிருக்கிறார் என்று எல்லாமே அதில் இருந்தது. நீங்கள் முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

பின்தங்கிய பிள்ளைகளுக்கு முதலில் வடிவியலும் வரைபடமும் சொல்லிக்கொடுங்கள். எட்டும் எட்டும் பதினாறு மார்க். தேற 35தானே, கிட்டத்தட்ட பாதி அங்கேயே வந்துவிடுகிறது. காம்பஸ் இல்லாத பிள்ளைகள் இருப்பார்கள். நாலைந்து வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வராது, பரவாயில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
ஒன்று மட்டும் சொல்கிறேன் அம்மா. நிரந்தர வேலைக்கு டெட் மட்டும் போதாது, நியமனத் தேர்வும் எழுத வேண்டும் என்று 2018ஆம் வருட அரசாணை 149 சொல்கிறது. "இங்கேயே இரு, பெர்மனன்ட் ஆக்கிவிடுவார்கள்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கிளம்பும்போது சேர்ந்த தேதி, விடுவித்த தேதி போட்டு அனுபவச் சான்று வாங்கிவிடுங்கள்.

ஸ்டாஃப்ரூம் ஓரம்:
யார் லீவு போட்டாலும் அந்த பீரியட் உங்கள் தலையில்தான் விழும். நான் ஒருநாள் எட்டு பீரியடும் நின்றேன், அதில் இரண்டு சமூக அறிவியல்!

வந்தவாசிக்காரி:
எல்லோருக்கும் நன்றி. சம்பளம் தாமதமாகும் என்பதை வீட்டில் சொல்லிவிட்டேன், முணுமுணுப்போடு சரி என்றார்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் போக்குவரத்துச் செலவாவது மிச்சம். திங்கட்கிழமை சேர்கிறேன். அக்கா, காம்பஸ் தனியாகக் கிடைக்குமா, பாக்ஸோடுதான் வாங்க வேண்டுமா?