ரஷ்ய ரயிலில் தனியாக: கூபேயா, பிளாட்ஸ்கார்ட்டா?

கேள்வி: மாஸ்கோவிலிருந்து விளாதிவோஸ்தோக் வரை, 9,289 கி.மீ., தனியாகப் போகப்போகிறேன். கூபே (கதவுள்ள அறை) நல்லதா, பிளாட்ஸ்கார்ட் (திறந்த படுக்கைப் பெட்டி) நல்லதா? போய்வந்த பெண்கள் யாராவது சொல்லுங்களேன்.

பதில்: என் ஓட்டு பிளாட்ஸ்கார்ட்டுக்கு. 54 பெர்த், அறைக்கதவே கிடையாது. யாராவது வம்பு செய்தால் பெட்டியே திரும்பிப் பார்க்கும். கூபேயில் நாலு பேர், கதவைச் சாத்தினால் யார் வாய்ப்பார்களோ! பெட்டிக்கோடியில் எந்நேரமும் வெந்நீர் உண்டு. எதிர் பெர்த் பாட்டி வெள்ளரிக்காயை நறுக்கி உப்போடு நீட்டினார். என் புளிக்காய்ச்சலை மோந்துவிட்டு முகம் சுளித்தார், அப்புறம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

இன்னொருவர்: கூபேயிலும் பெண்களுக்கு மட்டுமான அறைகள் உண்டு. டிக்கெட் எடுக்கும்போது பாருங்கள்.

கேட்டவர்: பெர்த் மேலா கீழா, அக்கா?

பதில்: கீழ்தான். பையை அடியில் உள்ள பெட்டிக்குள் வைத்து மேலே படுத்துக்கொள்ளலாம். இர்குட்ஸ்க் தாண்டியதும் தூங்கிவிடாதீர்கள், இடப்பக்கம் பைக்கால் ஏரி.