சிந்தசைசர் பெட்டி: தேக்கா, பிளைவுட்டா?

கேள்வி:
யூரோராக் மாட்யூல்களுக்காக (சிந்தசைசரின் தனித்தனி மின்னணுப் பகுதிகள்) 84 எச்பி (மாட்யூல் அகலத்தின் அலகு) அகலத்தில், ஒரே வரிசையாக, ஒரு பெட்டி செய்திருக்கிறேன். பக்கப் பலகைகள் இரண்டும் 18 மி.மீ. தேக்கு, மாட்யூல்களைத் தாங்கும் மேல், கீழ் அலுமினிய ரெயில்களின் முனைகள் அவற்றில் நேரடியாகப் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கின்றன. கோடையில் எல்லாம் சரியாகப் பொருந்தியது. சென்னையில் மழைக்காலம் தொடங்கியதிலிருந்து, மாட்யூலின் மேல் திருகை முடுக்கினால் அதன் கீழ்த் துளை ரெயிலின் மரையை விட்டு விலகி நிற்கிறது. பிளைவுட்டுக்கு மாறிவிடலாமா? மரத்தை விட்டால் ஒலியின் இனிமை போய்விடும் என்று நண்பர் ஒருவர் தடுக்கிறார்.

பதில் 1:
வீணையில் குடமே அதிர்வதால் அங்கே பலா மரத்தைத் தேடுவதில் பொருள் உண்டு. உங்கள் கருவியில் ஒலி மின்சைகையாகவே கம்பி வழியே வெளியேறுகிறது. பெட்டிக்குள் ஸ்பீக்கர் வைக்காதவரை மரத்துக்கு அதில் பங்கில்லை. அந்தக் கவலையை விட்டுவிடுங்கள்.

பதில் 2:
பக்கப் பலகையில் மரத்தின் ரேகை எந்தத் திசையில் ஓடுகிறது, ஐயா?

கேட்டவர்:
முன்னிருந்து பின்னாக, கிடையாக ஓடுகிறது.

பதில் 2:
சிக்கல் அங்கேதான் இருக்கிறது. மரம் ரேகையின் நீளவாக்கில் அநேகமாக அசைவதில்லை. குறுக்குவாக்கில்தான் உப்பிச் சுருங்கும். மாட்யூலின் மேல், கீழ்த் துளைகளுக்கு இடையே 122.5 மி.மீ. இருக்க வேண்டும், உங்கள் பலகையில் அந்த அளவு முழுவதும் ரேகைக்குக் குறுக்கே விழுகிறது. அடங்கிய மரம் என்று பெயர் பெற்ற தேக்கிலும், பலகையின் ஈரம் நான்கு சதவீதப் புள்ளிகள் ஏறினால், அறுப்பைப் பொறுத்து, இந்த இடைவெளி அரை மி.மீட்டரிலிருந்து ஏறத்தாழ ஒரு மி.மீ. வரை கூடும், எம்3 (3 மி.மீ. விட்டமுள்ள) திருகுக்கு அது போதாத காலம்தான். ரேகை மேலும் கீழுமாக ஓடியிருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது.

பிளைவுட்டில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால், எந்தத் திசையிலும் அளவு பெரிதாக மாறாது. ஆகவே ரெயில்களைத் தாங்கும் பெட்டியை 18 மி.மீ. பிளைவுட்டில் செய்யுங்கள். அடிப்பலகையின் விளிம்பில் திருகு ஏற்றும்போது மட்டும் முன்துளை போட்டே ஏற்ற வேண்டும். இல்லையெனில் அடுக்குகள் பிளந்துவிடும். தேக்கை வீணாக்க வேண்டாம்: அதை வெளிப்புறத்தில் அலங்காரப் பலகையாகப் பொருத்தலாம். பசை தடவாமல், நடுவில் ஒரு திருகை மட்டும் இறுக்கி, மற்றவற்றுக்கு மேலும் கீழுமாக நீண்ட துளைகள் போட்டுவிட்டால், தேக்கு தன் போக்கில் அசைந்துகொள்ளும்.

கேட்டவர்:
புதுப்பெட்டி முடியும்வரை இப்போதிருப்பதைப் பயன்படுத்த வழி உண்டா?

பதில் 2:
மேல் ரெயிலின் போல்ட் துளைகளைப் பலகையில் அரத்தால் கீழ்நோக்கிச் சற்று நீட்டி, அகலமான வாஷர் போட்டு, மாட்யூல்களைத் திருகிய பிறகு போல்ட்டை இறுக்குங்கள்.